துணைவேந்தரை வைவதற்கு ஓர் ஆள்

எட்டாவது கருத்துக்கேட்புக் கூட்டமும் ஓர் எதிர்ப்புக்கூட இல்லாமல் முடிந்தது. அது எவ்வளவு பெரிய விபரீதம் என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் கூட்டத்தை நடத்தினார்.

துணைவேந்தர் ராத்து ரூசியாத்தே பாயின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தின் புதிய ஐந்தாண்டுத் திட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை விளக்கினார். திட்டத்துக்கு 'அடுத்த அலை' என்று பெயர். ஒன்பது துறைகளை மூன்று தொகுதிகளாகச் சேர்ப்பது, நூலகத்தின் பாதியை 'சிந்தனைக் கூடம்' ஆக்குவது, வடக்குத் தீவில் கரும்பு ஊரான நசேகோவில் நடக்கும் மாலை வகுப்பு மையத்தை மூடிவிட்டு மாணவர்களை இணையவழிக்கு மாற்றுவது என்று பக்கம் பக்கமாகப் போனது. பேராசிரியர்கள் வேரை இடித்துக் கரைத்த யங்கோனாவைச் சிரட்டையில் வாங்கிக் குடித்தார்கள், உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள், "வினாகா, வினாகா" என்றார்கள். வினாகா என்றால் நன்று என்றும் பொருள், நன்றி என்றும் பொருள். அன்றைக்குச் சொன்னவர்கள் எல்லோரும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டது வேறு.

அவர்கள் வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் வாய் திறந்தது. "இதைக் கரைச்சு யங்கோனாவுல ஊத்தினாலும் போதை ஏறாது" என்றார் கடலியல் துறைத் தலைவர். "நூலகத்துல பாதியை எடுத்துட்டா, சிந்திக்கிறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்?" என்றார் நூலகர். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்தபோது ஒருவர் வாயும் அசையவில்லை.

உனைசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே குடையை விரித்தாள். திட்டமிடல் பிரிவின் தலைவி அவள்தான். 'எதிர்ப்பு ஏதும் எழவில்லை' என்று எட்டாவது முறையாக அறிக்கை எழுத வேண்டியவளும் அவள்தான்.

ராத்து ரூசியாத்தே கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். ஒனேலோவா தீவின் தலைவர் வீட்டுப் பிள்ளை, நல்ல படிப்பாளி, ஊழியர் வீட்டுச் சாவுக்கெல்லாம் பாயும் துணியும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஒரே ஒரு குறைதான். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் 'மாட்டேன்' என்றோ 'தப்பு' என்றோ சொன்னதில்லை. வெளிநாட்டில் படித்தபோது யாரோ சொல்லியிருக்கலாம், ஆனால் அது ஆங்கிலத்தில் சொன்னது, அவ்வளவாக உறைத்திருக்காது.

உனைசியால் சொல்ல முடியுமா என்றால், அவள் பிறப்பே அதற்குத் தடை. அவளுடைய தந்தைவழிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒனேலோவா தலைவர் வீட்டுக்கு ஆமை பிடித்துக் கொடுத்தவர்கள். ஆமை வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து சொல் வந்தால் ஆமை போகும். கடலில் ஆமை இல்லை என்று பதில் அனுப்பும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கியும் அவள் நாக்கு அந்த வழக்கத்தை விடவில்லை.

இந்த நிலையில்தான் தங்கை அதேதா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் நசேகோ மருத்துவமனையில் நர்ஸ். பகலில் ஊசி, மாலையில் பட்டப் படிப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க மையத்தை மூடப்போறாங்கன்னு பேசிக்கிறாங்களே, நெஜமா?"

"இன்னும் முடிவாகலை."

"முடிவாகலைன்னா உன் கையெழுத்து எதுக்கு அதுல இருக்கு? கடைசிப் பக்கத்துல பெருசா போட்டிருக்கே."

"அது வழக்கமா போடறது, அதேதா."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தாங்க்கா பாக்கி. இணையத்துல படின்னா எப்படிப் படிக்கிறது? மழை வந்தா இங்க சிக்னல் செத்துடும். எங்க வார்டுக்குப் பின்னாடி இருக்கிற மாமரத்து மேல ஏறினா ரெண்டு கோடு வரும். நர்ஸ் உடுப்போட நான் மரமேறவா?"

"அவருக்கு இது தெரியாதுடி."

"தெரியலைன்னா சொல்லு. நீதானே பக்கத்து அறையில இருக்கே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதேதா உண்மையில் சொன்னது மரவள்ளிக் கிழங்கு. ஆனால் அர்த்தம் ஒன்றுதான்.

உனைசி சொல்லத்தான் போனாள். முதல் முறை போனபோது துணைவேந்தர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், தேநீரும் பிஸ்கட்டும் வரவழைத்தார், அவள் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். "வினாகா சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த முறை ஓர் அலுவலகக் குறிப்பு எழுதி அனுப்பினாள். 'குறித்துக்கொண்டேன், நன்றி' என்று பதில் வந்தது. அலுவலக மொழியில் அதற்கு அடக்கம் செய்தாகிவிட்டது என்று பொருள். அந்த மொழியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

மூன்றாம் முறை போனபோது அவர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனைசி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். இந்தத் திட்டத்தை ஆரம்பிக்கறப்போ எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. சண்டை போடுவாங்க, கிழிச்சுப் போடுவாங்கன்னு நெனைச்சேன். பாரு, ஒருத்தர்கூட எதுத்துப் பேசலை. இவ்வளவு நல்ல மனுஷங்களோட வேலை செய்ய நான் கொடுத்து வெச்சிருக்கணும்."

 உனைசிக்கு அழுகை வந்தது. அவர்மேல் பரிதாபமா, தன்மேல் எரிச்சலா என்று தெரியவில்லை. அன்றைக்கும் "வினாகா சார்" என்றுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு கூடுகிறது. அதற்கு முந்தின நாள் ஒன்பதாவது, கடைசிக் கருத்துக்கேட்பு. அங்கே துணைவேந்தர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நசேகோ மையத்தின் கதை முடிந்தது.

கேன்டீனில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்துக்கொண்டு பதிவாளர் தீரேந்திராவிடம் புலம்பினாள். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள்.

"நீ சொல்லேன் தீரா. உனக்கு இந்த ஆமைத் தொல்லையெல்லாம் இல்லையே."

"நான் பொறந்ததே நசேகோவுல. நான் வாயைத் திறந்தா, கரும்புக்காட்டுக்காரன் அவன் ஊருக்காகப் பேசறான்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. அதுசரி, உங்க ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரு முறை வெச்சிருக்கீங்களே. உட்கார முறை, எழுந்திருக்க முறை, தும்ம முறை. பெரியவரை நாலு வார்த்தை திட்டறதுக்கு ஒரு முறை இல்லையா?"

ரொட்டி உனைசியின் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"இருக்கு" என்றாள்.

இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களுக்கு மூதாதைத் தெய்வம் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவுக்காரன் தௌவுக்காரனை எந்தச் சபையிலும் எழுந்து வாய்க்கு வந்தபடி ஏசலாம். ஏச்சு வாங்கியவன் முகம் சுளித்தால் அவனுக்குத்தான் அவமானம். மந்திரியானாலும் பாதிரியானாலும் தப்பிக்க முடியாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிரார்த்தனை. ஒனேலோவாவுக்குத் தௌவு தராவாகி தீவு. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு தராவாகிக்காரர்.

திட்டமிடல் பிரிவு அதுவரை செய்த வேலைகளிலேயே உருப்படியானது அந்த இரண்டு நாள் தேடல்தான் என்று பிற்பாடு தீரேந்திரா சொல்வான். உனைசி ஒவ்வொரு துறையாகப் போய் எந்த ஊர், எந்த ஊர் என்று விசாரித்தாள். தராவாகிக்காரர்கள் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர்கள். சந்தையில் மீன் விற்பவர்களில் பாதிப்பேர், வானொலியில் பேசுபவர்களில் பாதிப்பேர் அந்தத் தீவுதான். ஆனால் இத்தனை பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு தராவாகிக்காரர்தான் இருந்தார். அவர் கணக்கியல் விரிவுரையாளர் சாகியூசா.

பெயரைக் கேட்டதும் தீரேந்திரா தலையில் கை வைத்துக்கொண்டான். சாகியூசாவைவிட அமைதியான ஆள் அந்த வளாகத்திலேயே இல்லை. நகல் இயந்திரத்தில் தாள் சிக்கினால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர். மாணவர்கள் தேர்வில் தோற்றால் தன் தவறு என்று சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

"தராவாகியில பொறந்தவங்க எல்லாருக்கும் நாக்கு நீளம். இந்த ஒருத்தருக்கு மட்டும் சாமி மறந்துட்டாரு. நமக்குன்னு இவர்தான் கெடைக்கணுமா?" என்றான் தீரேந்திரா.

"இருக்கறதை வெச்சுத்தான் திட்டம் போடணும்" என்றாள் உனைசி. பதினைந்து வருட அனுபவத்தில் அவள் கற்ற ஒரே பாடம் அது.

சாகியூசா முதலில் மறுத்தார். "டிசம்பர்ல என் ஒப்பந்தம் முடியுதும்மா. புதுப்பிக்கிறதுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"தௌவு சொன்னதுக்கு அவர் கோபப்பட முடியாது, சாகி."

"கோபப்பட முடியாதுதான். கையெழுத்துப் போடாம இருக்க முடியுமே."

உனைசி பேச்சை மாற்றினாள். நசேகோ விஷயத்தை எடுத்துச் சொன்னாள். சாகியூசா நிமிர்ந்து பார்த்தார்.

"நசேகோவையா மூடறாங்க?"

"திட்டத்துல இருக்கே. நீங்க படிக்கலையா?"

"அந்தப் பக்கம்வரைக்கும் நான் போகலைம்மா, கூட்டத்துலயும் அதுக்குள்ள கண்ணு சொக்கிடுது. யாரு போனா?" என்றார். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பாக்கறேன்" என்றார்.

அன்று மாலை நூலகத்தின் பின்பக்கக் கூரைக்கடியில் ஒத்திகை. மழை தகரத்தை அடித்து நொறுக்கியது. நல்லதுதான், சத்தம் வெளியே போகாது. தீரேந்திரா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"நான்தான் துணைவேந்தர். ம், ஆரம்பி."

"புலா வினாகா சார். நல்லா இருக்கீங்களா?" என்றார் சாகியூசா.

"நலம் விசாரிக்காதே. திட்டு."

சாகியூசா தொண்டையைக் கனைத்தார். "உங்க சட்டை... ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு."

"அது பாராட்டு!"

"தேவைக்கு மேல பளிச்சுன்னு இருக்குன்னு சொல்ல வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கணும்னுதான்யா நீ பேசணும்!" தீரேந்திரா வாளியிலிருந்து வழுக்கினான்.

உனைசி வேறு வழியில் போனாள். "உங்க அப்பா ஒனேலோவாக்காரங்களை என்ன சொல்லித் திட்டுவாரு?"

"அப்பாவா? அவர், 'ஏண்டா, கடல்ல விழுந்தியாமே, அதுவே உன்னை வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுச்சா?'ன்னு கேப்பாரு."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இதையே சொல்லுங்க!"

"அப்பா வாயில நல்லா இருந்துச்சு. நான் சொன்னா இரங்கல் செய்தி மாதிரி இருக்கும்" என்றார் சாகியூசா. சொல்லிக் காட்டவும் செய்தார். அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் கூட்டம் என்பதால் யங்கோனா கெட்டியாகக் கரைக்கப்பட்டிருந்தது. சாகியூசா பாயின் கால்மாட்டில், வாசலை ஒட்டி, ஓடுவதற்குத் தோதாக உட்கார்ந்திருந்தார். சிரட்டை வரும்போதெல்லாம் வாங்கிக் குடித்தார். துணைவேந்தர் மூன்று தொகுதிகளையும் சிந்தனைக் கூடத்தையும் நசேகோவையும் இன்னொரு முறை விளக்கிவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

வழக்கம்போல மழைதான் பதில் சொன்னது. உனைசி சாகியூசாவை முறைத்தாள். அவர் சிரட்டைக்குள் எதையோ தேடினார். துணைவேந்தர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"ஏய், ஒனேலோவா!"

குரல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. சாகியூசாவுக்கே புரியவில்லை போலிருந்தது. அவரும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். 

"ஒரு மணி நேரமா பேசறியே, உங்க தீவுல வாயை மூடறதுக்குன்னு ஒரு மூடி செய்யறதில்லையா?"

துணைவேந்தரின் புருவம் மேலே போயிற்று. "யாரு அது? உனக்கு எந்த ஊரு?"

"தராவாகி."

அவர் முகத்தில் அந்தச் சொல் இறங்குவதை உனைசி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கண், பிறகு கன்னம், பிறகு மொத்த ஆளும் குலுங்கியது. அவர் பாயில் ஓங்கி அறைந்தார்.

"தராவாகியா! நான் பதவிக்கு வந்த ரெண்டு வருஷமா எங்கடா ஒளிஞ்சுக்கிட்டிருந்தே, நண்டுத் திருடா!"

"திருடறதுக்கு உங்ககிட்ட நண்டு எங்க இருக்கு? ஒனேலோவா நண்டெல்லாம் பொழைப்புத் தேடி வேற தீவுக்குப் போயாச்சு!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ரத்தத்தில் இருந்தது எங்கே போகும்? ஏதோ அணை உடைந்ததுபோல சாகியூசாவின் வாயிலிருந்து தராவாகியின் இருநூறு வருடமும் கொட்டியது. "அலைன்னு பேரு வெச்சிருக்கான் பாருங்க! அலை வருதுன்னா ஜனங்க மேட்டைப் பாத்து ஓடுவாங்க. உன் வாத்தியாருங்க எல்லாம் இப்போ அந்த மேட்டைத்தாண்டா தேடிக்கிட்டிருக்காங்க!" துணைவேந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நர்ஸுங்களை எல்லாம் மாமரத்து மேல ஏத்திப் பாடம் படிக்க வெக்கப்போற ஒரே மேதை, இந்தப் பசிபிக்குலேயே நீதாண்டா!"

"மாமரம்!" துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனைசி, கேட்டியா? மாமரம்ங்கறான்! இவனை இத்தனை நாளா ஏன் என்கிட்ட கூட்டிட்டு வரலை?"

பதவிக்கு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் மரியாதை காட்டுகிற இடத்தில் ஒருவன் 'டா' போட்டுப் பேசியதில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. மண்டபமே மகிழ்ச்சியில் மிதந்தது, உனைசியைத் தவிர.

 தான் போட்ட தௌவுத் திட்டத்தின் ஓட்டை இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. தௌவு சொன்னால் கோபப்படக் கூடாது, சரி. ஏன் கோபப்படக் கூடாது? அது விளையாட்டு என்பதால். விளையாட்டாகச் சொன்னதை விளையாட்டாகத்தான் கேட்பார்கள். சாகியூசா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அத்தனை உண்மையையும் துணைவேந்தர் ரசித்துச் சிரித்துத் தீர்த்துவிட்டார். இத்தனை வருடம் திட்டமிடல் பிரிவில் குப்பை கொட்டியவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? தங்கை மரத்தில் ஏறி நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தாள், தாங்கவில்லை.

"சரி, சரி, சிரிச்சாச்சு. வேலையைப் பாக்கலாம்" என்று துணைவேந்தர் திட்டத்தின் தாள்களைப் பாயில் பரப்பினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். "எதிர்ப்பு ஒண்ணும் இல்லையே?"

"வினாகா" என்றது மண்டபம்.

அப்போது சாகியூசா எழுந்தார். பெரியவர் முன்னால் நடக்கும்போது குனிய வேண்டும் என்பதால் முதுகை வளைத்துக்கொண்டு, வழியில் இருந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி, மண்டபத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்தார். தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, நசேகோவைப் பற்றிய பக்கத்தை உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு" என்றார். குரல் பழையபடி சன்னமாகிவிட்டிருந்தது.

தௌவுக்கு வாய் மட்டும்தான் உரிமை என்று நினைத்தால் தவறு. கையும் உண்டு. தௌவு வீட்டுக்கு வந்து உன் பன்றியை ஓட்டிக்கொண்டு போகலாம், கொடியில் காயும் சட்டையை மாட்டிக்கொண்டு போகலாம். போகிறவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும். திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்கவே முடியாது.

துணைவேந்தர் சிரித்தார். எடுத்தவன் விளையாட்டு முடிந்ததும் வைத்துவிடுவான் என்று காத்திருந்தார். சாகியூசா வைக்கவில்லை. அவருடைய கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.  துணைவேந்தரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எதுக்கு இதை எடுத்தே?" என்று கேட்டார்.

எட்டுக் கூட்டங்களிலும் அவர் விளக்கினார், நன்றி சொன்னார், வாழ்த்தினார். எதுக்கு என்று கேட்டது இதுதான் முதல் முறை.

"மன்னிக்கணும் சார். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்க ரெண்டு வருஷம் பாடம் எடுத்தேன். கொளுத்தின கரும்பை வெட்டிட்டு நேரா வருவாங்க சார், கையில கரி ஒட்டியிருக்கும். வீட்டுப்பாடத் தாளெல்லாம் கருப்பா இருக்கும். ஆனா கணக்கு சரியா இருக்கும். கரண்ட் போனா யாரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க, அப்படியே உக்காந்திருப்பாங்க. வீட்டுக்குப் போனா படிக்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். இணையம்னா அவங்க வீட்டுக்குத்தான் போகணும். அவ்வளவுதான் சார்."

இதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. துணைவேந்தர் மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "இவர் சொல்றது நெஜமா?"

ஒருவரும் தலை நிமிரவில்லை.  ஆமை பிடித்த முன்னோர்கள் அத்தனை பேரும் உனைசியின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அவள் மூச்சை இழுத்தாள்.

"ஆமா சார்."

அது அப்படியொன்றும் கம்பீரமாக வரவில்லை. பாதி இருமல்போல இருந்தது. ஆனால் வந்துவிட்டது. அடுத்து நூலகர் "ஆமா" என்றார். கடலியல் துறைத் தலைவர் இரண்டு முறை சொன்னார், தைரியம் வந்தபிறகு சொல்வது சுலபம்தானே. தீரேந்திரா முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

 துணைவேந்தர் தாள்களைச் சேர்த்து அடுக்கினார். "என் பன்னியை நீ ஓட்டிட்டுப் போயிட்டே. திருப்பிக் கேக்க எனக்கு உரிமையில்லை. இந்தப் பக்கம் இல்லாமத்தான் நாளைக்கு ஆட்சிக்குழுவுக்குப் போகும்." உனைசி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா தராவாகி, உன்கிட்டயும் நான் ஒண்ணு எடுக்கணுமே. அதுதானே முறை?"

"எடுத்துக்குங்க சார். என்கிட்ட என்ன இருக்கு?" என்றார் சாகியூசா.

"நீ இருக்கியே. உன்னை எடுத்துக்கறேன். நசேகோ மையத்துக்கு மூணு வருஷம் நீதான் தலைவர். திங்கக்கிழமை கப்பல்."

சாகியூசாவின் வாய் திறந்தது. மறுக்க முடியாது, முகம்கூடச் சுளிக்க முடியாது. "சார், என் பொண்டாட்டி இப்போதான் சமையலறைக்கு டைல்ஸ் போட்டிருக்கா" என்றார் பரிதாபமாக. மண்டபம் மறுபடி வெடித்தது. இந்த முறை உனைசியும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

வராந்தாவுக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு அலறல், வார்டில் யாரோ அதட்டும் சத்தம். "யாருக்கா சொன்னாங்க அவர்கிட்ட?" என்றாள் அதேதா.

"சொன்னப்போ கேக்கலைடி. எடுத்துட்டோம்."

திரும்பி வந்தபோது மண்டபம் காலியாகியிருந்தது. துணைவேந்தர் மட்டும் பாயில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மரத்தொட்டியில் மிச்சமிருந்ததை அவரே சிரட்டையில் மொண்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லலை, உனைசி?"

"ரெண்டு தடவை வந்தேன் சார். ஒரு தடவை குறிப்பும் எழுதி அனுப்பினேன்."

"வந்தே. வினாகான்னு சொல்லிட்டுப் போனே." அவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "அப்போ, அந்த எட்டுக் கூட்டத்துலயும் எல்லாரும் சொன்ன வினாகா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"அதுவும் அப்படித்தான் சார்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேர் அவர் சொன்னதற்கெல்லாம் தட்டிய கைகள் எல்லாம் சேர்ந்து அவரைச் சுற்றிச் சுவர் கட்டியிருந்தன. அதில் ஒரு கல் அவள் வைத்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் பதவி ஏத்துக்கிட்டப்போ ஒரு உரை பேசினேனே" என்றார் துணைவேந்தர், சிறு குழந்தை கேட்பதுபோல. "கேட்டு அழுதுட்டோம்னு எல்லாரும் சொன்னாங்களே. அதுவாவது நல்லா இருந்துச்சா?"

உனைசி சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கையைக் குவித்துத் தட்டினாள். உண்மை சொல்லத் தொடங்கிய நாக்கு அதற்குள் ருசி கண்டுவிட்டிருந்தது.

"கொஞ்சம் நீளம் சார்" என்றாள்.